பின் ஷாக்குக்குக் காப்பு: எந்த அடிக்கு எந்தத் தகடு?

கல்லும் சேறுமான பாதையில் ஓடும் வண்டியின் பின் ஷாக் அப்சார்பர் பெரும்பாலும் மூன்று வழிகளில் கெடுகிறது. டயர் வாரியெறியும் ஜல்லி அதன் ராடையோ (உள்ளே போய்வரும் குரோம் தண்டு) உடலையோ (அந்தத் தண்டு நுழையும் குழாய்) கொத்தும். தரையில் நிற்கும் பாறையில் அதன் கீழ்ப் பிராக்கெட் மோதி வளையும். அப்பிய சேறு காய்ந்து, உப்புத்தாள் போல ஆயில் சீலை, அதாவது எண்ணெய் வெளியேறாமல் ராடைச் சுற்றிப் பிடிக்கும் ரப்பர் வளையத்தை, அரைக்கும். கடையில் போய் ஷாக் கார்டு என்று கேட்டால் இந்த மூன்றுக்கும் வெவ்வேறு பொருள்களை ஒரே பெயரில் எடுத்து வைப்பார்கள்: ரப்பர் மடிப்பு உறை, துணி உறை, பிளாஸ்டிக் அரைக்குழாய், அலுமினிய வளைதகடு, கனத்த இரும்புச் சறுக்குத் தகடு. ஒரு அடிக்கென்று செய்த காப்பு இன்னொரு அடிக்கு உதவாது. சில சமயம் கெடுத்தும் விடும். ஜல்லிச் சாலையில் ராடைக் காப்பாற்றிய அதே ரப்பர் உறை, வயல் சேற்றில் அந்த ராடைத் துருப்பிடிக்க வைக்கும்.

இங்கே பேசுவது பின்னால் திட ஆக்சில், அதாவது இரு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்பு அச்சு, உள்ள வண்டிகளைப் பற்றி. தார், ஜிம்னி, கூர்கா, பழைய ஜிப்ஸி, கமான் பட்டை வைத்த ஜீப்புகள் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் ஷாக்கின் மேல்முனை சேஸியில் இருக்கும், கீழ்முனை ஆக்சிலில் பற்றவைத்த பிராக்கெட்டில் இருக்கும். அந்தப் பிராக்கெட் பல வண்டிகளில் ஆக்சில் குழாய்க்கும் கீழே தொங்குகிறது. ஆக்சிலில் பல்சக்கரங்கள் அடங்கிய டிஃபரன்ஷியல் உருண்டையை எல்லோரும் கவனித்து ஓட்டுவார்கள். அது நடுவில் இருக்கிறது, கண்ணில் படுகிறது, வார்ப்பும் கெட்டி. சக்கரத்துக்கு உட்புறம் ஒளிந்திருக்கும் இந்தப் பிராக்கெட்தான் கவனிக்கப்படாமல் அடி வாங்குகிறது.

வண்டியை உயர்த்தினால் இந்தத் தொல்லை போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. 50 மி.மீ. லிஃப்ட் கிட் போட்டால் உயர்வது சேஸியும் பாடியும் மட்டும்தான். ஆக்சிலும் அதில் தொங்கும் ஷாக் பிராக்கெட்டும் இருந்த உயரத்திலேயே இருக்கும். அவற்றை உயர்த்துவது டயர் ஒன்றுதான், அதுவும் விட்டம் கூடிய அளவில் பாதி. ஜிம்னியின் 195/80 ஆர்15 டயரின் விட்டம் சுமார் 693 மி.மீ., 215/75 ஆர்15 சுமார் 703. அந்த மாற்றத்தால் பிராக்கெட்டுக்குக் கிடைப்பது 5 மி.மீ. மட்டுமே. ஆகவே வண்டி எவ்வளவு உயர்ந்து நின்றாலும் கீழ்ப் பிராக்கெட்டைப் பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது.

பழைய ஷாக்கில் எழுதியிருப்பது

எதையும் வாங்குவதற்கு முன் வண்டியின் கீழே ஒரு டார்ச்சோடு படுத்து, ஓடிய ஷாக்கைப் பாருங்கள். அடியின் வரலாறு அதிலேயே இருக்கும்.

ஷாக் உடலின் முன்பக்கத்தில் மட்டும் பெயிண்ட் புள்ளி புள்ளியாக உரிந்திருந்தால் அது பறந்து வந்த கல். பெரும்பாலும் முன் டயர் எறிந்தது. பிராக்கெட்டின் அடிவிளிம்பு பளபளவென்று தேய்ந்து, போல்ட் தலையின் மூலைகள் மழுங்கியிருந்தால் அது பாறை. தேய்ந்த கோடுகள் பின்பக்கத்திலும் இருந்தால் ரிவர்ஸ் எடுக்கும்போதும் மோதுகிறது என்று பொருள். இதை மறந்து முன்பக்கத்துக்கு மட்டும் சரிவு வைத்துத் தகடு செய்தவர்கள், பின்னால் வரும்போது அந்தத் தகட்டையே கொக்கியாக்கிக்கொள்கிறார்கள்.

ராடைத் துடைத்துவிட்டு நகத்தால் மேலும் கீழும் தடவிப் பாருங்கள். நகம் எங்கும் தடுக்காவிட்டால் நல்லது. தடுக்கும் இடத்தில் குரோம் பெயர்ந்து விளிம்பு எழும்பியிருக்கிறது. ஷாக் ஒவ்வொரு முறை அமுங்கும்போதும் அந்த விளிம்பு சீலின் உதட்டைக் கீறும். குழி சீலைக் கெடுப்பதைவிட அதன் எழும்பிய ஓரம்தான் அதிகம் கெடுக்கும். மெல்லிய எண்ணெய்க் கல்லால் அந்த ஓரத்தை மட்டும் சமன்செய்து இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம். சீலைச் சுற்றி லேசான ஈரப் படலம் இருந்தால் பயமில்லை. சீலை நனைத்து வைக்க ராடு கொஞ்சம் எண்ணெயைக் கொண்டுவரத்தான் செய்யும். உடல் வழியே எண்ணெய் வழிந்து தூசி கெட்டியாக ஒட்டியிருந்தால் அந்த ஷாக்கின் காலம் முடிந்தது. அதற்குக் காப்பு போடுவது வீண்செலவு.

இரண்டு விஷயங்களைக் கூடவே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, ஷாக் எப்படி நிற்கிறது: உடல் கீழே, ராடு மேலேயா, அல்லது தலைகீழா? கம்பெனி ஷாக்குகள் பலவற்றில் ராடு மேலே இருக்கும், அதை மூடி ஒரு டஸ்ட் கவர் குழாயும் இருக்கும். அப்படியானால் ராடுக்கு ஏற்கெனவே காப்பு உண்டு. வெளியில் வாங்கிப் போடும் ஷாக்குகள் சிலவற்றில் இந்தக் குழாய் இருக்காது.

இரண்டாவது, உள்ளே என்ன வகை என்பது. இரட்டைக்குழாய் ஷாக்கில் வெளிக்குழாய் எண்ணெய்த் தொட்டி மட்டுமே. பிஸ்டன் ஓடுவது உள்குழாயில். வெளியே விரல் அளவு சொட்டை விழுந்தாலும் அது உள்குழாயைத் தொடாத வரை வேலை செய்யும். ஒற்றைக்குழாய் ஷாக்கில் வெளியே தெரியும் சுவரில்தான் பிஸ்டன் ஓடுகிறது. ஒரு கல் உள்நோக்கிக் குத்தினால் பிஸ்டன் அந்த இடத்தில் உரசும், வளையம் தேயும், சில சமயம் அங்கேயே சிக்கி நிற்கும். வெப்பத்தைச் சீக்கிரம் வெளியேற்றுவதால் கரடுமுரடான நீண்ட சாலைக்கு ஒற்றைக்குழாய் நல்லது. ஆனால் கல்லடியில் அதுதான் பலவீனம். ஒற்றைக்குழாய் வாங்கி மாட்டியவர் உடல் காப்பைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். இரட்டைக்குழாய் வைத்திருப்பவர் அதைத் தள்ளிப் போடலாம்.

முதலில் மட்ஃபிளாப்

ஷாக் காப்பு என்று தேடுகிறவர்கள் மட்ஃபிளாப்பை ஒரு தேர்வாகவே எண்ணுவதில்லை. பறக்கும் கல்லுக்கு அதுதான் முதல் மருந்து என்பது எங்கள் உறுதியான கருத்து. பின் ஷாக்கை அடிக்கும் கற்களில் பெரும்பகுதி முன் டயரிலிருந்து வருகிறது. முன் சக்கரத்தின் பின்னால் அகலமான ஃபிளாப் இருந்தால் ஷாக் மட்டுமல்ல, பிரேக் குழாய், டீசல் குழாய், ஏபிஎஸ் ஒயர், கதவுக்குக் கீழுள்ள ‘சில்’ பேனல் எல்லாமே சேர்ந்து தப்பிக்கும்.

கன்வேயர் பெல்ட் ரப்பர் 6 முதல் 8 மி.மீ. கனத்தில் கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. டயர் அகலத்தைவிட 40 முதல் 50 மி.மீ. கூடுதலாக, அந்தக் கூடுதலில் பெரும்பகுதி வண்டியின் உட்புறமாக இருக்கும்படி வெட்டுங்கள். ஷாக் இருப்பது உட்புறத்தில்தான். கீழ்விளிம்பு தரையிலிருந்து 100 முதல் 120 மி.மீ. உயரத்தில் இருக்கட்டும். மேல்பக்கத்தை வெறும் போல்ட்டால் கோத்தால் துளையிலிருந்து கிழியும். 25 மி.மீ. அகல, 3 மி.மீ. கனப் பட்டையை மேலே வைத்து, அதன் வழியாகப் போல்ட் போடுங்கள். பாறையில் ரிவர்ஸ் எடுக்கும்போது டயர் ஃபிளாப்பைப் பாறையோடு சேர்த்து மிதித்துப் பிடுங்கிவிடும். கீழ்முனையில் ஒரு துளையிட்டு, பாறைப் பகுதி வரும்போது கயிற்றால் தூக்கிக் கட்ட வழி செய்துவிட்டால் இந்தக் குறை தீர்ந்தது.

மட்ஃபிளாப்பால் முடியாதது ஒன்றுதான்: நிற்கும் பாறை.

ரப்பர் மடிப்பு உறையும் துணி உறையும்

இவை விலையில் குறைந்தவை, மாட்டுவது சுலபம், பார்வைக்கும் நன்றாக இருக்கும். அதனாலேயே தேவையில்லாத இடத்திலும் மாட்டப்படுகின்றன.

மடிப்பு உறை நன்றாக வேலை செய்வது ராடு திறந்திருக்கும் ஷாக்கில், வறண்ட ஜல்லிச் சாலையில். லடாக் பக்கம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உலர்ந்த கல் சாலையில் ஓடும் வண்டிக்கு அது பொருந்தும். சேற்றிலும் ஆற்றுக் கடவையிலும் கதை மாறுகிறது. ஷாக் அமுங்கும்போது உறைக்குள் இருக்கும் காற்று வெளியேறும், நீளும்போது உள்ளே இழுக்கும். ஓடிச் சூடான ஷாக் குளிர்ந்த ஆற்று நீரில் இறங்கினால் உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தண்ணீரை எந்த இடுக்கு வழியாகவாவது உறிஞ்சும். அந்தத் தண்ணீரோடு வண்டலும் வரும். வெளியே போக வழியில்லாமல் ராடைச் சுற்றி மடிப்புகளில் தங்கும். சில வாரத்தில் குரோமில் துருப்புள்ளி. வெளியிலிருந்து பார்த்தால் உறை புதிதாகவே இருக்கும், எண்ணெய் வழியும்போதுதான் தெரியும்.

போட்டே ஆக வேண்டுமென்றால் மேல்முனையை மட்டும் இறுக்கிக் கட்டுங்கள், கீழ்முனை தளர்வாக இருக்கட்டும். மிகத் தாழ்ந்த மடிப்பில் 5 அல்லது 6 மி.மீ. அளவில் எதிரெதிராக இரண்டு துளை போடுங்கள், மாட்டுவதற்கு முன்பே, வெளியே வைத்து. மாட்டிய பிறகு கத்தியால் துளையிடப் போய் ராடைக் கீறியவர்கள் உண்டு. இன்னொரு கணக்கும் இருக்கிறது. உறையை முழுதாக அமுக்கினால் மடிப்புகள் அடுக்காகச் சேர்ந்து 50, 60 மி.மீ. உயரம் வரும். வண்டி பம்ப் ஸ்டாப்பில் (ஆக்சில் மேலே ஏறி முட்டி நிற்கும் ரப்பர் கட்டை) உட்காரும்போது ராடு வெளியே தெரியும் நீளம் அதைவிடக் குறைவாக இருந்தால் உறை நசுங்கி, சீலைச் சுற்றிய மூடியில் குவியும், கிழியும்.

வெல்க்ரோ வைத்த துணி உறையைப் பற்றி நல்ல வார்த்தை சொல்ல அதிகமில்லை. துணிக்கும் ராடுக்கும் நடுவே மண் புகுந்தால் துணி அதைப் பிடித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு அசைவிலும் தேய்க்கும். ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் கழற்றித் துவைத்து உலர்த்தி மாட்டுகிற ஒழுங்கு இருப்பவருக்கு மட்டும் அது சரி. ஷாக்கின் உடலைத் துணியாலோ ரப்பராலோ சுற்றுவதை எந்தச் சூழலிலும் செய்யாதீர்கள். ஷாக்கின் வேலையே அசைவை வெப்பமாக்கி வெளியே விடுவதுதான். அலைமேடு விழுந்த மண்சாலையில் அதன் உடல் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டும். போர்த்திவிட்டால் எண்ணெய் நீர்த்து, வண்டி துள்ள ஆரம்பிக்கும்.

அரைக்குழாய்க் காப்பு

பறக்கும் கல்லிலிருந்து உடலைக் காக்க இதுவே சரியான பொருள். ஷாக்கின் முன்பக்கத்தை மட்டும் மறைக்கும், பின்பக்கம் திறந்திருக்கும், காற்றும் போகும், மண்ணும் தங்காது. 1.5 அல்லது 2 மி.மீ. அலுமினியத் தகட்டை வளைத்துச் செய்யலாம். அதைவிட மலிவாகவும், எங்கள் பார்வையில் அதைவிட நன்றாகவும் இருப்பது தண்ணீர் லைனுக்குப் பயன்படும் கருப்பு எச்.டி.பி.ஈ. குழாய். ஷாக் உடல் 50 முதல் 55 மி.மீ. விட்டம் என்றால் 75 மி.மீ. குழாயை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் இரு பக்கத்துக்கும் காப்பு தயார். சாம்பல் நிற பி.வி.சி. குழாயை எடுக்காதீர்கள். வெயிலில் நாள்பட அது கெட்டித்து, ஒரு நல்ல கல் பட்டால் சில்லாக உடையும். எச்.டி.பி.ஈ. கல்லை வாங்கி வளைந்து திரும்பும். சைலன்சருக்கு 100 மி.மீ. தூரத்துக்குள் வருமானால் அந்தப் பக்கத்துக்கு அலுமினியம்தான்.

உடலுக்கும் காப்புக்கும் நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி இருக்கட்டும். ஒட்டினாற்போல் வைத்தால் கல்லின் அடி அப்படியே உடலுக்குப் போகும், வெப்பமும் தங்கும். 10 மி.மீ. கன ரப்பர்த் துண்டுகளை மேலும் கீழும் வைத்து, 12 மி.மீ. அகல எவர்சில்வர் ஹோஸ் கிளிப் இரண்டால் பிடிக்கலாம். இரட்டைக்குழாயில் கிளிப் எங்கே வந்தாலும் பரவாயில்லை. ஒற்றைக்குழாயில் பிஸ்டன் ஓடும் பகுதியில் கிளிப்பை முறுக்கி இறுக்கக்கூடாது. உடல் கீழே இருக்கும் ஷாக் என்றால் கெட்டியான கீழ் மூடியை ஒட்டிய 20, 30 மி.மீ. பகுதியில் முதல் கிளிப்பைப் போட்டு, மேல் கிளிப்பைக் கையால் திருப்பினால் காப்பு அசையாத அளவுக்கு மட்டும் இறுக்குங்கள். ஷாக்கில் துளை போடுவது, டேக் வெல்டு வைப்பது என்ற எண்ணமே வேண்டாம். ஒற்றைக்குழாயில் நைட்ரஜன் 15 முதல் 25 பார் வரை அடைத்திருக்கும். டயர் காற்றைப் போல ஏறக்குறைய பத்து மடங்கு.

இந்தக் காப்பில் அடிக்கடி நேரும் பிழை ஒன்று. டஸ்ட் கவர் குழாய் உள்ள ஷாக்கில் அந்தக் குழாய் உடலுக்கு வெளியே, அதைவிட அகலமாக, வண்டி அமுங்கும்போது கீழே இறங்கிவரும். நின்ற நிலையில் அளந்து உடல் முழுக்க மறைக்கும்படி அரைக்குழாயை மாட்டினால் முதல் பள்ளத்திலேயே டஸ்ட் கவர் இறங்கி அதை இடித்துத் தள்ளும். ஆகவே பம்ப் ஸ்டாப் வரை அமுங்கும்போது டஸ்ட் கவரின் கீழ்விளிம்பு எங்கே வரும் என்று கண்டுபிடித்து, அதற்கு 10 மி.மீ. கீழேயே காப்பு முடிய வேண்டும். மீதியை டஸ்ட் கவரே பார்த்துக்கொள்ளும்.

கீழ்ப் பிராக்கெட் சறுக்குத் தகடு

பாறையில் ஏறி இறங்குபவருக்கு முதல் செலவு இதுதான். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் ஜீப் பாதை மாதிரி, தலையளவுக் கற்கள் புரண்டு கிடக்கும் வழியில் ஷாக்கின் உடலைக் கல் கொத்துவது அரிது, வேகமே இல்லையே. அங்கே நடப்பது வேறு. சக்கரம் கல்லிலிருந்து நழுவி இறங்க, பிராக்கெட் அதன் மேல் உட்காரும். ஜிம்னியின் எடை சுமார் 1,200 கிலோ. நான்காகப் பிரித்தாலே ஒரு மூலைக்கு 300 கிலோ. நழுவி விழும் வேகத்தில் அது பல மடங்காகும். பிராக்கெட்டின் இரண்டு காதுகளும் பக்கவாட்டில் மடங்கும், போல்ட் வளையும், வளைந்த போல்ட்டை உருவ முடியாமல் காட்டில் வெட்டி எடுக்க நேரும்.

தகடு வாங்கினாலும் பட்டறையில் செய்தாலும் பார்க்க வேண்டியது ஒன்று முக்கியம்: அடியின் பாரம் எங்கே போய்ச் சேர்கிறது? ஷாக் போல்ட்டில் மட்டும் மாட்டும் தகடுகள் சந்தையில் நிறைய உண்டு. மாட்டுவது எளிது, பத்து நிமிட வேலை. ஆனால் ஒரே போல்ட்டில் தொங்கும் தகடு, பாறை முன்பக்கத்தில் தள்ளியதும் அந்தப் போல்ட்டைச் சுற்றிச் சுழலும். சுழன்று போய் முட்டுவது ஷாக் உடலில்தான். காப்பே கல்லாகிவிடும். சுழலாத அளவுக்கு முறுக்கினாலும், பாரம் முழுவதும் போல்ட் வழியே அந்த மெல்லிய காதுகளுக்குத்தான் போகிறது. இரண்டாவது பிடி இருக்க வேண்டும், அது ஆக்சில் குழாயில் இருக்க வேண்டும். குழாயைச் சுற்றிய யூ போல்ட்டோ, பிராக்கெட்டின் பக்கவாட்டோடு சேரும் வெல்டிங்கோ அந்த வேலையைச் செய்யும். ஒற்றைப் போல்ட் தகடு எவ்வளவு கனமாக இருந்தாலும் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

இரும்பா அலுமினியமா என்று கேட்டால் இரும்பு. 150 மி.மீ. நீளம், 120 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனம் கொண்ட மைல்டு ஸ்டீல் தகடு 0.7 கிலோ எடை வரும். அலுமினியத்தில் அதே அளவு கால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் எடை கூடாது என்பது உண்மைதான். ஆனால் அந்த ஆக்சிலின் எடைக்கு முன் இந்த அரைக் கிலோ வித்தியாசம் ஒன்றுமில்லை. அலுமினியம் பாறையில் வழுக்கும்போது சீவப்பட்டு ஒட்டிப் பிடிக்கும் குணம் உடையது, ஆக்சிலோடு வெல்டும் ஆகாது. எவர்சில்வரில் செய்வது துருவுக்கு நல்லது, கனத்துக்கு ஏற்ற விலையும் கூடும், தேவையில்லை.

வடிவத்தில் மூன்று விஷயம். முன்னும் பின்னும் 30 முதல் 45 டிகிரி சரிவு, முன்விளிம்பு ஆக்சில் குழாயைத் தொடும்வரை போக வேண்டும். நடுவில் விளிம்பு தூக்கி நின்றால் அங்கே கல் கொக்கிபோலப் பிடிக்கும். போல்ட் தலையும் நட்டும் தகட்டின் விளிம்புக்கு உள்ளே ஒளிந்திருக்க வேண்டும், ஆனால் ஸ்பேனர் போக வழி வேண்டும். அடியில் 20, 25 மி.மீ. அளவில் சேறு வடிய ஒரு துளை. துளையில்லாத தகடு கிண்ணமாகி, ஈரச் சேற்றை, ஷாக் முனையின் போல்ட் துளையிலுள்ள ரப்பர் புஷ்ஷைச் சுற்றிப் பிடித்து வைக்கும்.

கமான் பட்டை ஜீப்புகளில், பட்டை ஆக்சிலுக்குக் கீழே இருக்கும் அமைப்பில், யூ போல்ட் தகடும் நட்டுகளும் தரையை நோக்கித் தொங்கும். பல வண்டிகளில் ஷாக்கின் கீழ் முளையும் அந்தத் தகட்டோடு சேர்ந்தே இருக்கும். அங்கே ஷாக்குக்குத் தனியாகக் காப்பு செய்வதில் அர்த்தமில்லை. யூ போல்ட் நட்டுகளையும் சேர்த்து மறைக்கும் 6 மி.மீ. அடித்தகடு போடுவதே முறை. யூ போல்ட் மரை நசுங்கினால் பட்டை மாற்றும் நாளில் நட்டைக் கழற்றவே முடியாது.

பிராக்கெட்டையே மேலே தூக்குவது

அடி வாங்கும் இடத்தில் தகடு போடாமல் அந்த இடத்தையே உயர்த்திவிடலாம் என்பது கேட்பதற்கு அழகான யோசனை. கீழ்ப் பிராக்கெட்டை வெட்டியெடுத்து ஆக்சில் குழாயின் நடுமட்டத்துக்கு ஏற்றிப் பற்றவைப்பார்கள். ஆனால் ஷாக்கின் நீளம் மாறவில்லையே! ஒரு ஷாக் முழுதாக நீண்டால் 530 மி.மீ., முழுதாக அமுங்கினால் 330 என்று வைத்துக்கொள்வோம். வண்டி பம்ப் ஸ்டாப்பில் உட்காரும்போது இரு கண்களுக்கும் (இரு முனைகளின் போல்ட் துளைகள்) நடுத்தூரம் 345 என்றால் 15 மி.மீ. மிச்சம் இருக்கிறது. பிராக்கெட்டை 40 மி.மீ. ஏற்றினால் அந்தத் தூரம் 305 ஆகும். ஷாக்கோ 330க்குக் கீழே போகாது. பம்ப் ஸ்டாப் தொடுவதற்கு 25 மி.மீ. முன்பே ஷாக் அடிமுட்டி, வண்டியின் பாரம் முழுவதையும் தன் பிஸ்டனில் வாங்கும். வால்வு உடையும், அல்லது மேல் மவுண்ட் பிய்ந்து வரும்.

சாய்வும் கணக்கில் வரும். இடமில்லாமல் ஷாக்கை உட்புறம் சாய்த்துப் பற்றவைத்தால், செங்குத்திலிருந்து 30 டிகிரியில் அதன் தடுக்கும் திறனில் முக்கால் பங்குதான் மிஞ்சும், 45 டிகிரியில் பாதி. லிஃப்ட் கிட்டோடு புதிய நீளத்தில் ஷாக்கும், உயர்த்திய பம்ப் ஸ்டாப்பும் சேர்ந்து வரும்போது மட்டும் பிராக்கெட்டை ஏற்றுவது நல்ல வழி. காப்புக்காக மட்டும் செய்யத்தக்கதல்ல.

எந்த ஓட்டத்துக்கு எது

பெரும்பாலும் தார்ச்சாலை, மாதத்தில் ஓரிரு முறை தோட்டத்துப் பாதை என்று ஓடும் வண்டிக்கு முன் மட்ஃபிளாப் போதும். ஆறு மாதம் கழித்து மறுபடி கீழே படுத்துப் பாருங்கள். புதிய தடம் இல்லையென்றால் வேறெதுவும் வாங்க வேண்டாம். நீண்ட ஜல்லிச் சாலைப் பயணம் போகும், ஒற்றைக்குழாய் ஷாக் மாட்டிய வண்டிக்கு மட்ஃபிளாப்போடு அரைக்குழாய். ராடு திறந்திருந்தால் வறண்ட பயணத்துக்கு மட்டும் மடிப்பு உறை, திரும்பி வந்ததும் கழற்றிவிடலாம். பாறைப் பாதைக்குச் சறுக்குத் தகடு, அதற்கப்புறம்தான் மற்றவை. சேறும் வயலும்தான் வழி என்றால் ஷாக்கைத் திறந்தே விடுங்கள். ஓட்டம் முடிந்த அன்றே, சேறு காயும் முன், சாதாரணத் தண்ணீர்க் குழாயால் மேலிருந்து கீழாகக் கழுவுவதைவிட நல்ல காப்பு சேற்றுக்கு இல்லை. வாட்டர் சர்வீஸ் பிஸ்டலின் முனையைச் சீலுக்கு நேராகப் பிடித்தால் உதட்டைத் தாண்டி மண்ணை உள்ளே தள்ளிவிடும். அதைத் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள்.

மாட்டும்போது

பின் சேஸியை ஜாக்கியில் தூக்கி, இரண்டு ஸ்டாண்டில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். ஆக்சிலின் கீழே தனியாக ஒரு ஜாக்கி வேண்டும். ஷாக் போல்ட்டை உருவும்போது ஆக்சில் சடாரென்று இறங்கிப் பிரேக் ஹோஸை இழுக்காமல் அதுதான் தாங்கும். ஒரே நேரத்தில் இரண்டு பக்க ஷாக்கையும் கழற்றாதீர்கள்.

தகடு ஷாக் போல்ட்டைப் பங்குபோட்டுக்கொண்டால் பழைய போல்ட் நீளம் போதாது. 5 மி.மீ. தகடு சேர்ந்தால் நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரை தெரியும் நீளத்துக்கு, பழைய போல்ட்டில் இருந்த அதே தர எண்ணில் (வலிமையைக் குறிக்கும் எண்) புதிது வாங்குங்கள். தலையில் 10.9 என்று இருந்தால் 10.9தான், 8.8 வேண்டாம். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) ஒருமுறை கழற்றினால் புதிது. போல்ட் அழுத்தும் முகங்களில் பெயிண்டைச் சுரண்டிவிடுங்கள். தடித்த பெயிண்ட் படலம் சில நாளில் நசுங்கி, போல்ட் தளர்ந்துவிடும்.

வெல்டிங் என்றால் ஷாக்கைக் கழற்றி வெளியே வைத்துவிட்டே தொடங்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, ஏபிஎஸ் சென்சார் பிளக்கை எடுத்து, பிரேக் ஹோஸின் மேல் ஈரச் சாக்கு போடுங்கள். எர்த் கிளாம்ப்பை அதே ஆக்சிலில், பற்றவைக்கும் இடத்துக்கு ஒரு சாண் தூரத்துக்குள் பிடிக்கச் சொல்லுங்கள். சேஸியில் பிடித்தால் மின்சாரம் எங்காவது பேரிங் வழியாகப் பாய்ந்து அதன் உருளைகளைக் கொத்தும். பற்றவைப்பது பிராக்கெட்டின் பக்கவாட்டோடு. ஆக்சில் குழாயில் நீளமாக ஓட்டினால் குழாய் வளைந்து, உள்ளே ஆக்சில் ஷாஃப்ட் சீல் கசியத் தொடங்கும். குழாயைத் தொட்டே ஆக வேண்டுமானால் 25 மி.மீ. ஓட்டி, ஆறவிட்டு, எதிர்ப்பக்கத்தில் அடுத்த 25. பெட்ரோல் டேங்க் பக்கத்தில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வாரண்டி ஓடிக்கொண்டிருக்கும் வண்டியில் வெல்டிங் வேண்டாம், யூ போல்ட் பிடி கொண்ட தகட்டை எடுங்கள்.

பிறகு இடைவெளிச் சோதனை. குழந்தைகள் விளையாடும் களிமண்ணை விரல் கனத்துக்குக் காப்பின் மேல், டயரையும் சேஸியையும் பேன்ஹார்டு ராடையும் (ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் தண்டு) நோக்கிய பக்கங்களில் ஒட்டுங்கள். ஒரு பின் சக்கரத்தை உயரமான கட்டையில் ஏற்றி, மறு சக்கரம் முழுதாகத் தொங்கும்வரை வண்டியைச் சாய்த்து, பக்கம் மாற்றி மறுபடி செய்யுங்கள். இறக்கிப் பார்த்தால் களிமண் எவ்வளவு நசுங்கியிருக்கிறது என்பது தெரியும். டயர் பக்கம் 15 மி.மீ.க்குக் குறையாமல் மிஞ்ச வேண்டும். டயருக்கு அழுத்தம் குறைத்து ஓட்டும்போது அதன் பக்கச் சுவர் பிதுங்கும் என்பதையும் சேர்த்துத்தான் இந்த அளவு. ஹேண்ட்பிரேக் கேபிளும் பிரேக் ஹோஸும் எந்த நிலையிலும் தகட்டின் ஓரத்தைத் தொடக்கூடாது.

ஷாக் போல்ட்டின் கடைசி முறுக்கு, வண்டி தன் சக்கரங்களில் நின்ற பிறகுதான். ஆக்சில் தொங்கும் நிலையில் இறுக்கினால் புஷ் ரப்பர் அந்தக் கோணத்தில் பிடிபட்டு, வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டே இருக்கும். சில மாதத்தில் கிழிந்து டக் டக் என்று சத்தம் போடும். பழி காப்பின் மேல் விழும். முறுக்கின் அளவை அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலிலிருந்து எடுங்கள்.

முதல் 100 கிலோமீட்டருக்குப் பின் டார்க் ரெஞ்ச்சை மறுபடி வைத்துப் பாருங்கள். யூ போல்ட் நட்டுகள் பெரும்பாலும் கால் சுற்று கேட்கும். டயர் மாற்ற அவசரத்தில் யாராவது ஜாக்கியை இந்தச் சறுக்குத் தகட்டின் அடியில் வைக்கக்கூடும். சரிவான அந்தப் பரப்பில் ஜாக்கி வழுக்கும். ஜாக்கி வைக்கும் இடம் ஆக்சில் குழாய்தான் என்பதை அந்த வண்டியை ஓட்டும் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.